பத்து ஆம்பியர் கடக்கும் புள்ளி

1980களில் அமெரிக்காவில் கட்டிய இருபது, இருபத்தைந்து அடி நீளப் பெட்ரோல் படகுகள் இன்றும் ஃபுளோரிடாக் கரையோரத்திலும் மிச்சிகன் ஏரிப் பக்கத்திலும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஃபைபர் உடல் லேசில் போவதில்லை. எஞ்சினைப் பிரித்துக் கோத்துவிடலாம். இருக்கைகளுக்குப் புது உறை தைக்கலாம். இவ்வளவும் செய்து முடித்தவர்கூட, ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் ஏழெட்டு சுவிட்சுகளை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பதோடு விட்டுவிடுவார். விளக்கு எரிகிறது, பம்பு ஓடுகிறது, அப்புறம் என்ன?

அந்த வரிசையில் ‘புளோயர்’ என்று ஒன்று இருக்கும். எஞ்சின் அறைக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறியின் சுவிட்ச் அது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. படகின் அடிப்பள்ளத்தில், படகுக்காரர்கள் பில்ஜ் என்று சொல்லும் இடத்தில், போய்த் தேங்கும். 1980 ஆகஸ்ட் 1 முதல் கட்டப்படும் இத்தகைய பெட்ரோல் படகுகளுக்கு அமெரிக்கச் சட்டம் இந்த விசிறியைக் கட்டாயமாக்கியது. எஞ்சினைக் கிளப்புமுன் குறைந்தது 4 நிமிடம் அதை ஓட்டவேண்டும் என்ற எச்சரிக்கையை இக்னிஷன் சுவிட்சுக்கு அருகே ஒட்டவும் சொன்னது. நாமோ விசிறி இரையும் சத்தம் கேட்டால் போதும் என்று இருந்துவிடுகிறோம். சுவிட்ச் இரண்டு வோல்ட்டை விழுங்கிவிட்டு மீதியைக் கொடுத்தாலும் விசிறி இரையத்தான் செய்யும், மந்தமாக.

தேய்ந்த சுவிட்சின் தொல்லையே இதுதான். அது ஒரே நாளில் செத்துப்போவதில்லை; வேலை செய்துகொண்டே கெடுகிறது. அதைக் கண்டுபிடிக்க அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும்.

உள்ளே இரண்டு உலோகக் குமிழ்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. பெரும்பாலும் வெள்ளி, அல்லது வெள்ளிக் கலவை. அகலம் சில மில்லிமீட்டர். நன்றாகப் படிந்து உட்கார்ந்திருப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு மெருகேற்றினாலும் உலோகப் பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்களால் ஆனது. இரண்டு பரப்புகள் சேரும்போது சில மேட்டு நுனிகள் மட்டுமே நிஜமாகத் தொடுகின்றன. கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் 1939இல் மின்தடையை அளந்தே இந்தத் தொடுபரப்பு எவ்வளவு சிறியது என்று காட்டினார்கள். பெர்லினில் சீமென்ஸ் நிறுவனத்தில் இருந்த ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் ராக்னர் ஹோல்ம் தன் ஆராய்ச்சி வாழ்வின் பெரும்பகுதியை இந்தத் தொடுபுள்ளிகளுக்கே கொடுத்தார். போருக்குப் பின் அவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனார். மின் தொடுமுனைகளை ஆராய்பவர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாடு இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது.

கணக்கு எளிது. சுவிட்சின் ஸ்பிரிங் குமிழை அரை நியூட்டன் விசையோடு அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 50 கிராம் எடை. அந்த அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு வெள்ளி நசுங்கிக் கொடுக்கும், அதற்குமேல் நசுங்காது. வெள்ளியின் கடினத்தன்மையால் விசையை வகுத்தால் நிஜத் தொடுபரப்பு கிடைக்கும்: ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை ஒரே வட்டமாகக் கற்பனை செய்தால் விட்டம் 35 மைக்ரோமீட்டர் அளவில் வரும். தலைமுடி அதைவிடத் தடிமன். பம்புக்கோ விசிறிக்கோ போகும் 10 ஆம்பியர் அந்தப் புள்ளி வழியாகத்தான் போயாகவேண்டும். தேர்த்திருவிழாக் கூட்டம் முழுவதும் ஒரு திட்டிவாசல் வழியே நுழைகிற மாதிரி.

புது சுவிட்சில் இது பிரச்சினையே இல்லை. வெள்ளி அவ்வளவு நல்ல கடத்தி. அந்தப் புள்ளியின் தடை ஒரு மில்லி ஓமில் பாதிகூட வராது. 10 ஆம்பியர் ஓடினாலும் சில மில்லிவோல்ட்தான் இழப்பு. பொறியும் உப்பும் சேர்ந்து அந்தப் புள்ளியை இன்னும் சுருக்கும்போதுதான் கதை மாறுகிறது.

இங்கே இயற்பியல் நமக்கு ஓர் அழகான சலுகை தருகிறது. அந்தப் புள்ளியின் வெப்பநிலையை எந்த வெப்பமானியாலும் தொட்டு அளக்கமுடியாது. ஆனால் உலோகத்தில் மின்சாரத்தைச் சுமப்பதும் எலக்ட்ரான்கள், வெப்பத்தைச் சுமப்பதும் பெரும்பாலும் அதே எலக்ட்ரான்கள். எந்தக் குறுகிய வழி மின்சாரத்தை நெருக்கிச் சூட்டை உண்டாக்குகிறதோ, அதே வழியாகத்தான் அந்தச் சூடு வெளியேறவும் வேண்டும். ஆகவே கணக்குப் போடும்போது புள்ளியின் அளவும் வடிவமும் இரண்டு பக்கமும் அடிபட்டுப்போய், வெப்பநிலைக்கும் வோல்ட்டேஜுக்குமான உறவு மட்டும் மிஞ்சுகிறது. ஃபிரீட்ரிக் கோல்ராவ்ஷ் 1900இல் நிறுவியது இது. வெள்ளித் தொடுபுள்ளிக்குக் குறுக்கே சுமார் 0.1 வோல்ட் விழுந்தால் உலோகம் இளகத் தொடங்குகிறது என்று பொருள். 0.37 வோல்ட் விழுந்தால் அந்த நுனி 961 டிகிரி செல்சியஸைத் தொட்டு உருகுகிறது. வெளியே பிளாஸ்டிக் மூடி வெதுவெதுப்பாக மட்டும் இருக்கும். ஆக, சந்தையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் வோல்ட் அளவில் இருக்கும்போது ஒரு வெப்பமானியாகவும் வேலை செய்கிறது.

நிபந்தனை ஒன்றுதான்: சுவிட்ச் வழியே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். பலர் செய்வது வேறு. சுவிட்சைக் கழற்றி மேசையில் வைத்து, மீட்டரைப் ‘பீப்’ ஒலிக்கு வைத்து, இரண்டு முனையையும் தொடுகிறார்கள். ஒலித்தால் சுவிட்ச் நல்லது என்று தீர்ப்பு. அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்புவது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான். 0.05 ஓம் தடை மீட்டர் கம்பிகளின் தடைக்குள்ளேயே காணாமல் போய்விடும். அதே 0.05 ஓம் வழியாக 10 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் இழப்பு, சின்னப் பெட்டிக்குள் 5 வாட் சூடு. பழுப்பேறிய பேக்கலைட்டும் கருகின வாசனையும் அதன் மிச்சம்தான்.

சரியான சோதனை இது. சுவிட்சை இடத்திலேயே விட்டு, அதற்குரிய பம்பையோ விளக்கையோ ஓடவிட்டு, மீட்டரை நேர்மின் (டிசி) வோல்ட்டில் வைத்து, சுவிட்சின் வரவு முனையிலும் செலவு முனையிலும் ஒவ்வொரு கம்பியை வைக்கவேண்டும். நல்ல சுவிட்ச் 0.05 வோல்ட்டுக்குக் கீழே காட்டும். 0.1ஐத் தாண்டினால் சந்தேகம். 0.3, 0.4 என்று வந்தால் கழற்றவேண்டியதுதான். எண் நிலையாக நிற்காமல் துள்ளினால் அதுவும் கெட்ட அறிகுறி: புள்ளிகள் உருகுவதும் பிரிவதும் மறுபடி ஒட்டுவதுமாக இருக்கின்றன. ஓர் எச்சரிக்கை: மீட்டர் காட்டுவது ஒரே புள்ளியின் இழப்பை அல்ல. முனையில் செருகிய தகடு, உள்ளே இருக்கும் ரிவெட், ஆடும் கையின் அச்சு, கடைசியில் குமிழ் என நாலைந்து தொடுபுள்ளிகளின் கூட்டுத்தொகை. முதலில் கம்பி முனைக்கும் சுவிட்ச் முனைக்கும் நடுவே மட்டும் அளந்துபாருங்கள். பாதி நேரம் குற்றவாளி தளர்ந்த செருகுதகடாக இருக்கும், சுவிட்ச் நிரபராதி.

அமெரிக்கப் படகுத் தரக்குழுவான ஏபிஒய்சி, வழிகாட்டு விளக்கு, புளோயர், பில்ஜ் பம்பு போன்ற முக்கியமானவற்றுக்குக் கம்பி தேர்ந்தெடுக்கும்போது போய்வரும் வழியில் 3 சதவீதத்துக்குமேல் வோல்ட்டேஜ் இழக்கக்கூடாது என்கிறது. 12 வோல்ட்டில் அது 0.36. வெள்ளி உருகும் எண்ணோடு இது ஒட்டிவருவது தற்செயல்தான், ஆனால் மறக்காமல் வைத்துக்கொள்ள வசதி. இழை விளக்குகளில் விளைவு கண்ணுக்கே தெரியும். வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். இரவில் எதிரே வரும் படகு உங்கள் சிவப்பு, பச்சை விளக்குகளைப் பார்க்கும் தூரமும் சேர்ந்து சுருங்கும்.

இனி, புள்ளி எப்படிக் கெடுகிறது. ஒரு வழி பொறி. மின்சாரம் ஓடும்போது குமிழ்கள் பிரிந்தால் கடைசி நுனி உருகி, ஆவியாகி, அந்த ஆவி வழியே மின்வில் எரியும். வெள்ளிக்கு அந்த வில் நிலைக்கச் சுமார் 12 வோல்ட்டும் 0.4 ஆம்பியரும் வேண்டும். படகின் மின்சுற்று சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது: மின்கலம் மட்டும் என்றால் 12.6, எஞ்சின் ஓடும்போது 14ஐத் தாண்டும். வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப்போவதால் வில் தானே அணைய வாய்ப்புண்டு. நேர்மின்சாரத்தில் அப்படி ஓர் இடைவேளை கிடையாது.

வீடுகளுக்கும் நேர்மின்சாரம் வந்த காலத்தில் இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ். 1884இல் அவர் செய்த சுவிட்சில் விரல் எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும், ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் தானாகத் துள்ளித் தொடுமுனைகளைச் சட்டென்று பிரித்துவிடும். மின்வில் எரிய நேரம் கிடைக்காது. இன்று நாம் கேட்கும் ‘டக்’ அதுதான். பழைய படகில் ஒவ்வொரு சுவிட்சையும் மிக மெதுவாகத் தள்ளிப்பாருங்கள். நடுவழியில் தயங்கி நிற்கிறதா, குழைவாகப் போய் உட்காருகிறதா, ‘டக்’ மழுங்கிவிட்டதா என்று விரலே சொல்லிவிடும். ஸ்பிரிங் களைத்துப்போன சுவிட்ச் மீட்டரில் நல்ல எண்ணைக் காட்டினாலும் நான் அதை மாற்றிவிடச் சொல்வேன். அடுத்து நடக்கப்போவது தெரிந்ததுதானே.

பொறியால் தேய்ந்த சுவிட்சைப் பிரித்தால் அடையாளம் தெளிவு. நேர்மின்சாரம் எப்போதும் ஒரே திசையில் போவதால் உலோகமும் ஒரே திசையில் இடம்பெயர்கிறது: ஒரு குமிழில் குழி, எதிர்க்குமிழில் மேடு. மோட்டாரும் ரிலேச் சுருளும் இதை மோசமாக்கும்; சுற்று அறுபடும்போது அவற்றின் காந்தப்புலம் சரிந்து, மின்கலத்தைவிடப் பல மடங்கு வோல்ட்டேஜை ஒரு கணம் உமிழும். எஞ்சினின் பின்கால் கோணத்தை ஏற்றி இறக்கும் டிரிம் சுவிட்ச் இந்த வகையில்தான் சாகிறது. அது நேரடியாகப் பம்பை ஓட்டுவதில்லை, ரிலேயைத்தான் தூண்டுகிறது. ஓடும் மின்சாரமும் சொற்பம். ஆனாலும் ஒரே பயணத்தில் பலமுறை அழுத்தப்படும், ஒவ்வொரு முறையும் சுருளின் உதை அதன் குமிழில் விழும். இழை விளக்குச் சுவிட்சுக்கு ஆபத்து போடும்போது. குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை எரியும் இழையினுடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2 ஆம்பியர் விளக்கு முதல் கணத்தில் 20 ஆம்பியரை இழுக்கும். குமிழ்கள் ஒட்டிக்கொண்டு, அணைத்தாலும் விளக்கு அணையாத சுவிட்சை அப்படித்தான் சந்திப்போம்.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். மின்சாரம் போதாமல் கெடுவது. கடற்காற்றில் வெள்ளியின் மேல் சல்ஃபைடும் குளோரைடும் படலமாகப் படியும். உப்புத் துகளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும். வலுவான மின்சாரம் ஓடும் சுவிட்சில் அந்தச் சிறு பொறியே படலத்தைத் துளைத்து எரித்துக் குமிழைத் துலக்கிவிடும். அளவான பொறி நல்லது. ஆனால் படகைப் புதுப்பிப்பவர் முதல் வேலையாக 2 ஆம்பியர் இழை விளக்கைக் கழற்றிவிட்டு, அதில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும் என்கிற எல்இடியைப் போடுகிறார். முப்பது வருடம் ஒழுங்காக இருந்த சுவிட்ச் சில மாதங்களில் கண்சிமிட்டத் தொடங்கும். எல்இடி விளக்கைத் திட்டுவார்கள். விளக்கில் குறை இல்லை. மின்வில் எரியும் எல்லைக்குக் கீழே மின்சாரம் போய்விட்டதால் துலக்கும் வேலை நின்றுவிட்டது. எல்இடிக்கு மாறும்போது பழைய சுவிட்சையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

மூன்றாவது கேடு, சுவிட்ச் அணைந்திருக்கும்போதே நடப்பது. எனக்கு இதில்தான் வியப்பு அதிகம். வரவு முனையில் எப்போதும் 12 வோல்ட் நிற்கிறது. அருகிலேயே, சுவிட்சின் சிறு விளக்குக்கான எதிர்முனை. நடுவில் உப்புப் படிந்த பிளாஸ்டிக். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சமையலுப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்து நீர்ப்படலமாகிவிடும். அந்தப் படலத்தில் மின்பகுப்பு தொடங்கும். நேர்மின் முனையின் செம்பு கரையும். ஒரே ஒரு மில்லி ஆம்பியர் ஆண்டு முழுக்கக் கசிந்து, அத்தனையும் செம்பைக் கரைப்பதற்கே போனால், ஃபாரடே விதிப்படி 10 கிராமுக்குமேல் செம்பு போய்விடும். சுவிட்ச் முனை அவ்வளவு எடைகூட இருக்காது. அந்தக் கசிவு மின்கலத்திலிருந்து ஓராண்டில் எடுப்பதோ 9 ஆம்பியர்-மணிக்கும் குறைவு, யாரும் கவனிக்கப்போவதில்லை.

எனவே பலகையின் பின்பக்கம் விளக்கடித்துப் பார்க்கும்போது களிம்பு எங்கே ஏறியிருக்கிறது என்று பாருங்கள். எல்லா முனைகளிலும் ஒரே மாதிரி பச்சை படர்ந்திருந்தால் அது கடற்காற்றின் வேலை. வரவு முனை மட்டும் பச்சை பூத்து அரிக்கப்பட்டு, பக்கத்து முனை பளிச்சென்று இருந்தால், அங்கே மின்சாரம் கசிகிறது. வெயில் ஏறின மதியத்தில் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்; விடியற்காலையில் சோதியுங்கள்.

எந்த சுவிட்ச் எதற்கு என்பதே தெரியாமல் நிற்கும் படகுகள் உண்டு. எழுத்துகள் வெயிலில் போயிருக்கும். அப்போது முனைகளை எண்ணவேண்டும். இரண்டு முனை என்றால் போட்டு அணைக்கும் சாதாரண சுவிட்ச். மூன்று முனையும் நடுவில் ஓய்வுநிலையும் இருந்தால், ஒரு பக்கம் ஓடும்போது எரியவேண்டிய விளக்குகள், மறுபக்கம் நங்கூர விளக்கு. அல்லது, பில்ஜ் பம்புக்குத் தானியங்கி ஒரு பக்கம், கையால் போடுவது மறுபக்கம். விரலை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பி வந்தால் டிரிம் வகை. கம்பியின் நிறமும் பேசும். ஏபிஒய்சி வழக்கப்படி பழுப்பு பம்புக்கு, அடர்சாம்பல் வழிகாட்டு விளக்குக்கு, அடர்நீலம் அறை விளக்குக்கும் மீட்டர் விளக்குக்கும், ஊதா இக்னிஷனுக்கு, சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் ஸ்டார்ட்டருக்கு. தனி மஞ்சளிடம் மட்டும் கவனம் வேண்டும்: பழைய படகில் அது புளோயருக்குப் போகும், பிந்தைய படகில் மின்கலத்தின் எதிர்முனைக்குப் போகும். நாற்பது வருடத்தில் மூன்று நான்கு கை மாறிய படகில் யாராவது ஒருவர் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார் என்பதால், நிறத்தை நம்பி ஃபியூஸ் இல்லாமல் எதையும் இணைக்கவேண்டாம்.

தேய்ந்ததைத் திறந்து உப்புக்காகிதம் போட்டுத் தேய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குமிழின் மேல் இருக்கும் வெள்ளி மெல்லிய அடுக்கு; தேய்த்தால் அடியில் இருக்கும் செம்பு வெளிவரும், அது வெள்ளியைவிட வேகமாகக் கெடும். அபூர்வமான பழைய பலகையைக் காப்பாற்றவேண்டும் என்றால், குமிழ்களை மூடி நடுவில் வெள்ளைத்தாள் துண்டை இழுத்தெடுப்பது போதும். மற்றபடி மாற்றிவிடலாம். மாற்றும்போது, நீர் புகாது என்று எழுதியிருந்தால் தீ பற்றவைக்காது என்று அர்த்தமில்லை என்பதை நினைவில் வையுங்கள். எஞ்சின் அறைக்குள் இருக்கும் மின்கலச் சுவிட்ச் போன்றவற்றுக்கு, உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காது என்று தனியாகச் சோதித்துச் சான்று பெற்ற வகையே வேண்டும். பெட்ரோல் ஆவி பற்ற ஒரு மில்லி ஜூலுக்கும் குறைவான ஆற்றல் போதும்.

கடைசியாக, ஓட்டுபவரின் உடலோடு கயிற்றால் இணைத்த அவசர நிறுத்தச் சுவிட்ச். 26 அடிக்குக் குறைவான விசைப்படகுகளில் வேகமாகப் போகும்போது இதை மாட்டிக்கொள்வது 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி நீர்ப்பரப்பில் கட்டாயம். இதில் தேய்மானம் தலைகீழாக வேலை செய்யக்கூடும். மின்கலத்திலிருந்து இக்னிஷனுக்குப் போகும் வழியில் தொடராக அமைந்த வகையில், தொடுமுனை கெட்டால் எஞ்சின் நின்றுபோகும். எரிச்சல்தான், ஆனால் பிழை உடனே தெரிந்துவிடும். பல அவுட்போர்டு எஞ்சின்களிலோ சுவிட்ச் மூடினால்தான் எஞ்சின் நிற்கும். கயிற்றை இழுத்ததும் தொடுமுனைகள் சேர்ந்து பற்றவைப்பு மின்சாரத்தை எஞ்சின் உடலுக்குத் திருப்பிவிடுகின்றன. அங்கே குமிழில் படலம் படிந்தால் எந்த அறிகுறியும் இருக்காது. எஞ்சின் அருமையாக ஓடும். கயிறு கழன்ற பிறகும் ஓடும். அந்தக் கம்பியில் சில நூறு வோல்ட் வரை துடிப்பு வரலாம் என்பதால், எஞ்சின் ஓடும்போது அங்கே விரலும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். படகைத் துறையில் கட்டி, கியரை நடுநிலையில் வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் கயிற்றை இழுங்கள். அந்த நொடியே நிற்கவேண்டும். சிலமுறை திரும்பச் செய்துபாருங்கள். ஒரே ஒரு முறை எஞ்சின் திக்கித் திணறி நின்றாலும் அந்தச் சுவிட்சைத் துடைத்துக்கொண்டிராமல் புதிதாக மாற்றுங்கள்.